ஆங்கில வாக்கியங்களை இணைக்கும் சொற்கள்: எதை, எங்கே, எப்போது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் எல்லாம் துண்டு துண்டு வாக்கியங்களாக வருகின்றன. அதைச் சரிசெய்ய 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' என்று ஒரு நீளமான பட்டியலை மனப்பாடம் செய்து, கிட்டத்தட்ட ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒன்றை வைத்து எழுதினீர்கள். அப்படியும் அதைப் படித்துப் பார்த்தவர் "ஓட்டம் இல்லை, செயற்கையாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். இதைவிட நல்ல பட்டியல் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். பட்டியல் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். எனக்குத் தெரிந்து நீங்கள் கேட்க நினைப்பது வேறு: இரண்டு கருத்துகளுக்கு நடுவில் எந்தச் சொல் வர வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது, முடிவு செய்தபின் அதை வாக்கியத்தில் எப்படி உட்கார வைப்பது? தமிழ் பேசுபவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் எழுதியதைத் திருத்துவதும்தான் பல ஆண்டுகளாக என் வேலை. அங்கே திரும்பத் திரும்பப் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் உறவைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு சின்ன வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: "ஷி லெஃப்ட் த கம்பெனி." "த மேனேஜர் ரிசைன்டு." அவள் நிறுவனத்தை விட்டுப் போனாள், மேலாளர் ராஜினாமா செய்தார். நடுவில் 'அண்ட்' போட்டால் இரண்டும் நடந்தன என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. 'பிகாஸ்' போட்டால் அவர் போனதுதான் அவள் போனதற்குக் காரணம். 'சோ' போட்டால் அப்படியே தலைகீழ்: அவள் போனதால் அவர் போனார். 'பிஃபோர்' போட்டால் அவருக்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள், காரணம் பற்றிப் பேச்சே இல்லை. 'ஆல்தோ' போட்டுப் பாருங்கள். மேலாளர் போய்விட்டால் இவள் தங்கிவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அப்படியும் போய்விட்டாள் என்று ஆகிறது. அந்த மேலாளரோடு அவளுக்கு ஏதோ ஒத்துவரவில்லை என்பதைக்கூட வாசகர் ஊகித்துவிடுவார். வாக்கியங்கள் இரண்டும் அதேதான், ஒரே ஒரு சொல் மாறியதில் ஐந்து கதைகள். இணைப்புச் சொல்லை அலங்காரமாக நினைப்பதுதான் சிக்கலின் வேர். "இந்த இரண்டுக்கும் இன்ன தொடர்பு" என்று நீங்கள் பொறுப்பேற்றுச் சொல்லும் இடம் அது. தொடர்பு என்னவென்று உங்களுக்கே தெரியாதபோது 'மோர்ஓவர்' வந்து காப்பாற்றாது.

தொடர்புகள் ஒன்றும் நூற்றுக்கணக்கில் இல்லை. மொழியியல் அறிஞர்கள் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976-ல் ஆங்கிலத்துக்குச் செய்த பகுப்பில் இணைப்புச் சொற்களை நான்கே வகையில் அடக்கினார்கள்: மேலும் சேர்ப்பது, எதிராகத் திருப்புவது, காரணமும் விளைவும், காலவரிசை. நிபந்தனையைக் காரணத்தோடு சேர்க்காமல் தனியாக வைத்துக்கொண்டால் ஐந்து. அதனால் நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: வாக்கியங்களுக்கு நடுவில் முதலில் தமிழில் யோசியுங்கள். 'அதனால்' வருகிறதா, 'ஆனால்' வருகிறதா, 'அப்புறம்' வருகிறதா, 'அப்படி இருந்தால்' வருகிறதா? எதுவுமே வரவில்லை என்றால் ஒருவேளை அந்த இரண்டு வாக்கியங்களும் பக்கத்தில் இருக்க வேண்டியவையே அல்ல. அப்போது சொல்லைத் தேடாதீர்கள், வாக்கியத்தை இடம் மாற்றுங்கள்.

உறவைத் தமிழில் கண்டுபிடிப்பது நமக்கு எளிது. அடுத்த படியில்தான் தடுக்கி விழுகிறோம், ஏனென்றால் தமிழ் இணைக்கும் விதமே வேறு. தமிழில் இணைப்பு பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது: பெய்ததால், பெய்தாலும், பெய்தபோது, பெய்தபின், பெய்யாவிட்டால். முதல் பகுதி முடியும் இடத்தில் இணைப்பு வந்து, அங்கிருந்து அடுத்த பகுதிக்குப் போகிறோம். ஆங்கிலத்தில் இணைப்பு தனிச்சொல், பகுதியின் தலையில் உட்காருகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. "எழுந்து, குளித்து, உடை மாற்றி, வேலைக்குக் கிளம்பினேன்" என்பதில் முற்றுப்பெற்ற வினை ஒன்றுதான், மற்றவை எல்லாம் வினையெச்சம். இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ஒருவர் நான்கு தனி வாக்கியங்களாக உடைக்கிறார். இன்னொருவர் 'ஆஃப்டர் கெட்டிங் அப் அண்ட் ஆஃப்டர் பேதிங்' என்று இழுக்கிறார். ஆங்கிலம் இங்கே செய்வது மிக எளிமையானது: "ஐ காட் அப், பேத்டு, காட் டிரெஸ்டு அண்ட் லெஃப்ட் ஃபார் ஒர்க்." நான்கும் முழு வினைகள், எழுவாய் ஒருமுறை, கடைசி வினைக்கு முன்னால் ஒரே ஒரு 'அண்ட்'. துண்டு துண்டாக வருகிறது என்று நீங்கள் சொல்வதில் பாதி இந்த ஒரு பழக்கத்தில் சரியாகிவிடலாம்.

அடுத்தது, சந்தேகத்துக்கே இடமில்லாத இலக்கணம். பட்டியல்கள் ஒரே பொருள் தரும் சொற்களை ஒரே வரிசையில் அடுக்குகின்றன: பட், ஆல்தோ, ஹவெவர், டெஸ்பைட். நான்கும் எதிர்நிலை காட்டுபவைதான். ஆனால் இலக்கணத்தில் நான்கும் நான்கு வேறு இனம். 'பட்' இனத்தில் மொத்தம் ஏழு சொற்கள்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ. இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபேன்பாய்ஸ்' என்று ஆங்கில வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பார்கள். இவை இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில் நிற்கும், வழக்கமாக முன்னால் ஒரு கமா வரும்: "இட் வாஸ் லேட், பட் ஷி கெப்ட் ஒர்க்கிங்." 'ஆல்தோ' இனம், அதாவது பிகாஸ், சின்ஸ், இஃப், வென், வைல், அன்லெஸ் எல்லாம், தான் தொடும் பகுதியைத் தனியாக நிற்க முடியாததாக்கிவிடும். அந்தப் பகுதி முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா: "ஆல்தோ இட் வாஸ் லேட், ஷி கெப்ட் ஒர்க்கிங்." 'ஹவெவர்' இனம் பொருளை மட்டும்தான் இணைக்கும், இலக்கணத்தை இணைக்காது. தேர்ஃபோர், மோர்ஓவர், நெவர்தலெஸ், அதர்வைஸ், இன்ஸ்டெட் எல்லாம் இந்த இனம். இவற்றுக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ செமிகோலனோ கட்டாயம் வேண்டும்: "இட் வாஸ் லேட். ஹவெவர், ஷி கெப்ட் ஒர்க்கிங்." 'டெஸ்பைட்' இனத்துக்குப் பின்னால் வாக்கியமே வரக்கூடாது, பெயர்ச்சொல்லோ 'இங்' சேர்ந்த வினையோ வர வேண்டும்: "டெஸ்பைட் த லேட் அவர், ஷி கெப்ட் ஒர்க்கிங்." 'இன் ஸ்பைட் ஆஃப்', 'பிகாஸ் ஆஃப்', 'டியூ டு' ஆகியவையும் இதே வழிதான். 'டெஸ்பைட் ஆஃப்' என்று ஒன்று கிடையாது.

நான் திருத்தும் எழுத்துகளில் அதிகமாகச் சிவப்பு மை வாங்குவது 'ஹவெவர்'தான். "இட் வாஸ் லேட், ஹவெவர், ஷி கெப்ட் ஒர்க்கிங்" என்று இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டிவிடுகிறார்கள். 'பட்' போலப் பொருள் தருவதால் 'பட்' போலவே நடத்துகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: அந்தச் சொல்லை வாக்கியத்துக்குள் வேறு இடத்துக்கு நகர்த்த முடிகிறதா? "ஷி, ஹவெவர், கெப்ட் ஒர்க்கிங்" என்று நகர்த்தலாம். "ஷி பட் கெப்ட் ஒர்க்கிங்" என்று சொல்ல முடியாது. நகர்கிறது என்றால் அது முழு வாக்கியங்களை ஒட்டும் சொல் அல்ல, அதற்கு முன்னால் முற்றுப்புள்ளி வையுங்கள். 'பிகாஸ்' பக்கம் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். தமிழில் "நான் வரவில்லை. ஏனெனில் மழை பெய்தது" என்று 'ஏனெனில்' ஒரு முழு வாக்கியத்தைத் தொடங்கலாம். அதே பழக்கத்தில் "ஐ டிட் நாட் கம். பிகாஸ் இட் ரெய்ன்டு." என்று எழுதிவிடுகிறோம். பேச்சில், கேட்ட கேள்விக்குப் பதிலாக இது பரவாயில்லை. எழுத்தில் அந்த இரண்டாவது துண்டு அரைகுறையாக நிற்கிறது. நடுவில் இருக்கும் முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டால் போதும்.

இரட்டை இணைப்பும் நம் எழுத்தில் நிறைய வரும்: "ஆல்தோ ஹி இஸ் யங், பட் ஹி இஸ் வைஸ்", "பிகாஸ் ஐ வாஸ் இல், சோ ஐ ஸ்டேயிட் அட் ஹோம்." இரண்டு பகுதிகளை இணைக்க ஒரு சொல் போதும். முதல் பகுதியின் தலையில் 'ஆல்தோ' வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் தமிழ்க் காதுக்கு இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில்தான் இணைப்பு கேட்க வேண்டும். அங்கே வெறும் கமா இருந்தால் ஏதோ குறைகிற மாதிரித் தோன்றி 'பட்' சேர்ந்துவிடுகிறது என்பது என் ஊகம். தமிழர் மட்டும் செய்யும் தவறு அல்ல இது, சீன மொழி பேசுபவர்களும் செய்வார்கள். அவர்கள் மொழியில் அப்படி இரண்டு பக்கமும் சொல் வைப்பதே இயல்பு.

இப்போது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்று. 'ஈவன் இஃப்', 'ஈவன் தோ' என்ற இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது. நல்ல ஆங்கிலம் எழுதுபவர்கள்கூட இங்கே சறுக்குகிறார்கள், அதற்குக் காரணம் தமிழின் '-ஆலும்' என்ற ஒரே விகுதி. "மழை பெய்தாலும் அவர் வருவார்" என்றால் மழை பெய்யுமா பெய்யாதா என்பது தெரியாது. பெய்தாலும் சரி, அவர் வருவார். "மழை பெய்தாலும் அவர் வந்தார்" என்றால் மழை உண்மையிலேயே பெய்தது, அப்படியும் வந்தார். நாம் முக்கிய வினையைப் பார்த்து வேறுபாட்டைப் புரிந்துகொள்கிறோம், '-ஆலும்' மாறுவதில்லை. ஆங்கிலத்தில் இணைப்புச் சொல்லே மாற வேண்டும். நடந்த, உண்மையான விஷயத்துக்கு 'ஈவன் தோ' அல்லது 'ஆல்தோ'. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்பதற்கு 'ஈவன் இஃப்'. "ஈவன் இஃப் ஹி இஸ் மை பாஸ், ஐ வில் டெல் த ட்ரூத்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தன் மேலதிகாரியைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அந்த ஆள் உண்மையிலேயே இவருக்கு மேலதிகாரியா இல்லையா என்றே தெரியாது. உண்மையைச் சந்தேகமாக மாற்றிவிட்டது அந்த 'இஃப்'. வேலை விண்ணப்பத்திலோ புகார்க் கடிதத்திலோ இது சாதாரணப் பிழை அல்ல, சொன்ன செய்தியே மாறிவிடுகிறது. '-ஆலும்' வரும்போதெல்லாம் ஒரு நொடி நின்று "இது நடந்ததா, நடக்கக்கூடியதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'அன்லெஸ்' இதற்கு அடுத்த பொறி. "பதிவு செய்யாவிட்டால் உள்ளே போக முடியாது" என்பதில் எதிர்மறை வினைக்குள்ளேயே இருக்கிறது. அதை அப்படியே எடுத்து "அன்லெஸ் யூ டோன்ட் ரெஜிஸ்டர், யூ கேனாட் என்டர்" என்று எழுதினால், 'அன்லெஸ்' என்பதற்குள் ஏற்கனவே ஒரு 'இல்லை' இருப்பதால் இரண்டு 'இல்லை' சேர்ந்து பொருள் புரண்டுவிடும். "அன்லெஸ் யூ ரெஜிஸ்டர்" போதும், அல்லது "இஃப் யூ டோன்ட் ரெஜிஸ்டர்." 'அன்டில்' கூட இப்படித்தான். "அவர் வராத வரைக்கும் காத்திருங்கள்" என்று பேச்சில் சொல்லிப் பழகியவர்கள் "வெயிட் அன்டில் ஹி டஸ் நாட் கம்" என்று எழுதுகிறார்கள். "அன்டில் ஹி கம்ஸ்" என்பதே சரி.

காலத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இஃப், வென், ஆஃப்டர், பிஃபோர், அன்டில் இவற்றுக்குப் பிறகு எதிர்காலத்தைச் சொல்லும்போதும் நிகழ்கால வினைதான் வரும்: "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்." நாம் "வென் ஹி வில் கம்" என்று எழுதுவதற்கு 'வரும்போது' என்பதில் ஒளிந்திருக்கும் 'வரும்' ஒரு காரணமாக இருக்கலாம்.

'என்று' என்ற சொல்லும் இதேபோலத் தொல்லை தரும், ஏனென்றால் தமிழில் அது எல்லா வேலையும் செய்கிறது. "எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்", "வருவீர்களா என்று கேட்டார்", "வருவேன் என்று சொன்னார்" மூன்றுக்கும் ஆங்கிலத்தில் மூன்று வழி. கேள்விச் சொல் இருந்தால் அதுவே இணைப்பு: "ஹி ஆஸ்க்டு வேர் ஐ ஒர்க்டு." நடுவில் 'தட்' வரக்கூடாது, வினையும் கேள்வி வடிவில் புரளக்கூடாது. ஆம்-இல்லை கேள்வி என்றால் 'இஃப்' அல்லது 'வெதர்'. செய்தியாகச் சொல்வதற்குத்தான் 'தட்'. "ஹி ஆஸ்க்டு தட் வேர் ஆர் யூ ஒர்க்கிங்" என்பது நம் 'என்று' ஆங்கில உடை போட்டுக்கொண்டு வந்தது.

ஒத்த பொருள் என்று பட்டியல்கள் சொல்லும் சில சொற்கள் உண்மையில் ஒத்த பொருள் அல்ல. 'ஆன் தி அதர் ஹேண்ட்' ஒரே விஷயத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது, முதல் பக்கமும் உண்மையாகவே இருக்கும். 'ஆன் த கான்ட்ரரி' முன்னால் சொன்னதை மறுக்கிறது: "அது சுலபம் அல்ல; மாறாக, மிகக் கடினம்" என்ற இடத்துக்கு உரியது. 'சோ' விளைவைச் சொல்லும், 'சோ தட்' பெரும்பாலும் நோக்கத்தைச் சொல்லும். 'சின்ஸ்', 'ஆஸ்', 'வைல்' மூன்றுக்கும் காலப் பொருளும் உண்டு, வேறு பொருளும் உண்டு. வாசகர் ஒரு கணமாவது குழம்புவார் என்று தோன்றினால் காரணத்துக்கு 'பிகாஸ்', எதிர்நிலைக்கு 'ஆல்தோ' அல்லது 'வேர்ஆஸ்' போட்டுவிடுங்கள். அந்த 'பிகாஸ்'கூட எதிர்மறைக்குப் பின்னால் வந்தால் ஏமாற்றும். "ஐ டிட் நாட் லீவ் பிகாஸ் ஐ வாஸ் ஆங்ரி" என்பதற்குக் கோபமாக இருந்ததால் போகாமல் இருந்துவிட்டேன் என்றும் பொருள், போனேன் ஆனால் கோபத்தால் அல்ல என்றும் பொருள். முதல் பொருள் வேண்டுமானால் 'பிகாஸ்' பகுதியை முன்னால் கொண்டுபோங்கள். இரண்டாவது வேண்டுமானால் உண்மையான காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

சரியான சொல்லைப் போட்ட பிறகும் ஒரு முடிவு பாக்கி இருக்கிறது: எடையை எந்தப் பக்கம் வைப்பது? "ஹி இஸ் ரூட் பட் ஹானஸ்ட்" என்றால் அந்த ஆளுக்கு நீங்கள் பரிந்து பேசுகிறீர்கள். "ஹி இஸ் ஹானஸ்ட் பட் ரூட்" என்றால் குறை சொல்கிறீர்கள். 'பட்' வரும்போது பின்னால் இருப்பதுதான் மனதில் தங்கும். 'ஆல்தோ' வரும்போது அது தொடாத பகுதிக்குத்தான் எடை. 'ஆல்தோ' பகுதி ஒப்புக்கொண்டு ஒதுக்கி வைக்கும் விஷயம். மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் "ஆல்தோ வீ ஃபினிஷ்டு த ஒர்க், வீ மிஸ்டு த டெட்லைன்" என்று எழுதினால் தாமதத்தை நீங்களே தூக்கிப் பிடிக்கிறீர்கள். "ஆல்தோ வீ மிஸ்டு த டெட்லைன், வீ ஃபினிஷ்டு த ஒர்க்" என்றால் முடித்த வேலை முன்னுக்கு வருகிறது. இரண்டுமே உண்மை. எதைச் சொல்ல வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை, ஆனால் எழுத்தில் 'ஓட்டம்' என்று வாசகர் உணர்வதில் பெரிய பங்கு இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் எழுத்து செயற்கையாகத் தெரிந்ததற்கு வருவோம். நீங்கள் கொடுத்திருந்த மாதிரிப் பத்தி ஏறக்குறைய இப்படிப் போகிறது: நகரம் ஒரு புதிய பாலம் கட்டியது. மோர்ஓவர், பாலம் நெரிசலைக் குறைத்தது. ஃபர்தர்மோர், பாலத்துக்கு நிறையச் செலவானது. தேர்ஃபோர், மக்கள் புகார் சொன்னார்கள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் நெரிசல் குறைந்தது பாலம் கட்டியதன் விளைவு, கூடுதல் செய்தி அல்ல. 'மோர்ஓவர்' அங்கே தவறான உறவைச் சொல்கிறது. செலவு முந்தைய நன்மைக்கு எதிர்ப்பக்கம். 'ஃபர்தர்மோர்' அதையும் மறைத்துவிட்டது. இப்படி எழுதிப் பாருங்கள்: "த நியூ பிரிட்ஜ் ரெட்யூஸ்டு டிராஃபிக், பட் இட் காஸ்ட் சோ மச் தட் பீப்பிள் கம்ப்ளெயின்டு." இரண்டே இரண்டு சாதாரண இணைப்புகள்: 'பட்', அப்புறம் 'சோ மச் தட்'. நான்கு வாக்கியங்கள் ஒன்றாகி, எது எதனால் என்பதும் தெளிவாகிவிட்டது.

நான் மேலே சொன்ன 1976 பகுப்பில் இன்னொரு பயனுள்ள செய்தி இருக்கிறது. எழுத்தை ஒன்றாகப் பிடித்து வைக்கும் வழிகள் ஐந்து. இணைப்புச் சொல் அவற்றில் ஒன்று மட்டுமே. மற்றவை: இட், தே, திஸ் போன்ற சுட்டுகள், ஒரு சொல்லுக்குப் பதிலாக 'ஒன்', 'டூ' ('செய்' என்ற பொருளில் வரும் வினை) போன்றவற்றைப் போடுவது, தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது, அதே சொல்லையோ அதன் உறவுச் சொல்லையோ திரும்பக் கொண்டுவருவது. இவற்றில் நான் முதலில் பழகச் சொல்வது 'திஸ்' என்பதோடு ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்ப்பது. நிறுவனம் ஒன்று விலையை ஏற்றியதைப் பற்றி எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தை "திஸ் டெசிஷன்" என்று தொடங்குங்கள். முந்தைய வாக்கியம் முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் சுருங்கி அடுத்ததன் எழுவாயாகிவிடும். 'தேர்ஃபோர்' தேவையே இல்லை. 'டெசிஷன்' என்பதற்குப் பதிலாக 'மிஸ்டேக்' என்று போட்டால் உங்கள் கருத்தும் சேர்ந்து வந்துவிடும். வாசகருக்கு ஏற்கனவே தெரிந்ததை வாக்கியத்தின் முன்னாலும், புதிதாகச் சொல்வதைக் கடைசியிலும் வைத்தால் அடுத்தடுத்த வாக்கியங்கள் தாமாகவே கைகோத்துக்கொள்ளும்.

தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் இதுவும் தெரிந்திருக்கட்டும். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துப் பகுதியில் நான்கு அளவுகோல்கள் உண்டு. கருத்துக் கோவையும் இணைப்பும் அவற்றில் ஒன்று, நான்குக்கும் சம எடை. இணைப்பு கண்ணை உறுத்தாமல் இருப்பதைத்தான் உச்ச மதிப்பெண்ணின் அடையாளமாகத் தேர்வை நடத்துபவர்களே வெளியிட்ட விளக்கம் சொல்கிறது. இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கலாம் என்பதை நடுத்தரமான ஆறாம் நிலைக்கு எழுதியிருக்கிறார்கள். ஆக, வாக்கியத்துக்கு ஒன்று வீதம் வைத்தால் மதிப்பெண் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதுவரை சொன்னதில் ஊகம் என்று குறிப்பிட்ட இரண்டு மூன்றைத் தவிர மற்றவை உறுதியானவை. அறிந்தவர்களே ஒத்துப்போகாத விஷயங்களும் சில உண்டு. வாக்கியத்தை 'அண்ட்', 'பட்' என்று தொடங்கக்கூடாது என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இலக்கணத்தில் அப்படி ஒரு தடை கிடையாது. 1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் அதிகாரத்தில் பெரும்பாலான வசனங்கள் 'அண்ட்' என்றே தொடங்குகின்றன. ஆனாலும் உங்கள் ஆசிரியரோ மேலதிகாரியோ அதை விரும்பவில்லை என்றால் அவருக்கு எழுதும்போது தவிர்ப்பது புத்திசாலித்தனம். 'டியூ டு' என்பதை 'பிகாஸ் ஆஃப்' போலப் பயன்படுத்தக்கூடாது என்று பழைய கண்டிப்பு ஒன்று உண்டு. இன்று பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. 'தோ' போட்டுப் பின்னால் 'யெட்' போடுவது பழைய ஆங்கிலத்தில் சாதாரணம், இன்றைய எழுத்தில் பழமையாகத் தெரியும், ஆனால் 'ஆல்தோ... பட்' போலத் தெளிவான பிழை என்று நான் சொல்லமாட்டேன். பின்னால் வரும் 'பிகாஸ்' பகுதிக்கு முன் கமா வேண்டுமா என்றால், பொதுவாக வேண்டாம். மேலே காட்டியது போல எதிர்மறையோடு சேர்ந்து குழப்பம் வரும் இடத்தில் மட்டும் சிலர் வைப்பார்கள். 'மோர்ஓவர்', 'ஹென்ஸ்', 'தஸ்' போன்றவை ஆய்வுக் கட்டுரையில் பொருந்தும். சக ஊழியருக்கு எழுதும் மின்னஞ்சலில் கனமாக இருக்கும், அங்கே 'ஆல்சோ', 'சோ' போதும். இது இலக்கணம் அல்ல, ரசனை. இன்னொருவர் வேறு மாதிரிச் சொன்னால் அவரும் தவறு அல்ல.

ஒரு மாதிரிப் பத்தியை மட்டும் வைத்து உங்கள் பழக்கம் முழுவதையும் என்னால் கணிக்க முடியாது. மேலே சொன்னவற்றில் எது உங்களுடையது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். நீங்கள் முன்பு எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து, வாக்கியத் தொடக்கத்தில் இருக்கும் எல்லா இணைப்புச் சொற்களையும் அடித்துவிடுங்கள். ஒருநாள் கழித்துப் படியுங்கள். சொல் இல்லாமலே தொடர்பு புரிகிற இடத்தை அப்படியே விடுங்கள். புரியாத இடத்தில் தமிழில் உறவை ஓரத்தில் எழுதுங்கள்: அதனால், ஆனாலும், அப்படியென்றால். பிறகு அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே வாக்கியமாக்க முடியுமா என்று பிகாஸ், ஆல்தோ, இஃப், வென், சோ, பட் ஆகிய ஆறை வைத்து மட்டும் முயன்று பாருங்கள். முடியாத இடத்துக்கு மட்டும் 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' இரண்டையும் எடுங்கள், முன்னால் முற்றுப்புள்ளியோடு. இந்த எட்டும் கைக்குப் பழகும் வரை மனப்பாடப் பட்டியலை மூடி வையுங்கள். ஓரத்தில் எழுதிய தமிழ்ச் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்திருந்தால், 'மேலும்' மட்டுமே வந்திருந்தால், சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. செய்திகளை அடுக்கியிருக்கிறீர்கள், வாதம் இன்னும் தொடங்கவில்லை. அந்தப் பக்கத்தை மறுபடி எழுதுவதற்கு முன்னால், அதில் என்ன சொல்ல வந்தீர்கள் என்பதைத் தமிழிலேயே இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.